இலையைத் துடைக்கலாம், எண்ணெய் பூசலாகாது



நம் பள்ளிகளில் கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் குறைவே இல்லை. கைவினைப் பொருள் கண்காட்சி, அறிவியல் விழா, மறுபயனீட்டுப் பொருள் போட்டி, வகுப்புக்கு வகுப்பு பூச்சாடிப் போட்டி என ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. மேசைகள் நிறைந்திருக்கின்றன, படங்கள் எடுக்கப்படுகின்றன, நற்சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. ஆனால், அம்மேசைகளின்மேல் இருக்கும் பொருள்களுள் எத்தனை, பிள்ளைகளின் கைகளால் உருவானவை? இக்கேள்வியை நாம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை. விடை நம் எல்லாருக்கும் தெரியும் என்பதே அதற்குக் காரணம்.

இச்சிக்கலுக்குத் தீர்வு தேடிப் பெரிய கல்விக் கோட்பாடுகளை நாடிச் செல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் பூ வளர்ப்போர் கூடி நடத்தும் ரோஜாச் சங்கங்கள் இதனை நெடுங்காலத்திற்கு முன்பே எண்ணிப் பார்த்து, எளிய சில விதிகளால் தீர்த்து வைத்திருக்கின்றன. அவ்விதிகளை ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நலம் பயக்கும் என்பது என் கருத்து.

நாட்டிங்காம் தொழிலாளர்களின் ரோஜாக்கள்

ரோஜாக் கண்காட்சிகளின் வரலாற்றில் மறக்க இயலாத பெயர் சாமுவேல் ரெனால்ட்ஸ் ஹோல். இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் பாதிரியாராக இருந்தவர். 1858-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், இலண்டனில் முதல் தேசிய ரோஜாக் கண்காட்சியை முன்னின்று நடத்தினார். 1876-இல் அந்நாட்டின் தேசிய ரோஜாச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே ஆனார்.

அவர் 1869-இல் வெளியிட்ட ரோஜா பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சியை விரிவாக எழுதியிருக்கிறார். நாட்டிங்காம் நகரின் தொழிலாளர்கள் சிலர், ஈஸ்டர் திங்களன்று தாங்கள் நடத்தும் ரோஜாக் கண்காட்சிக்கு நடுவராக வருமாறு அவருக்கு மடல் எழுதினர். இங்கிலாந்தில் ரோஜா திறந்த வெளியில் பூப்பது சூன் மாதத்தில். ஏப்பிரல் மாதக் குளிரில் ரோஜாக் கண்காட்சியா? யாரோ தம்மை ஏமாற்றிப் பார்க்கின்றனர் என்றே அவர் ஐயுற்றார். ஆயினும் சென்றார். அங்கே ஓர் எளிய மதுவிடுதியின் அறையில், தேர்ந்த தோட்டக்காரர்களும் வியக்கத்தக்க ரோஜாக்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

அவற்றை வளர்த்தவர்கள் செல்வர்கள் அல்லர். நாள் முழுவதும் உழைத்துக் கூலி பெறுவோர். நகரின் ஓரத்தில் குன்றுச் சரிவில் வாடகைக்கு எடுத்த சிறு சிறு துண்டு நிலங்களில், தாங்களே கட்டிய மிகச்சிறிய கண்ணாடிக் குடில்களுக்குள் அச்செடிகளை வளர்த்தனர். உறைபனி கடுமையாக விழுந்த இரவுகளில், தங்கள் படுக்கையிலிருந்த கம்பளியை எடுத்துச் சென்று செடிகளுக்குப் போர்த்தியவர்களும் அவர்களுள் இருந்தனர். விலை மிகுந்த புதிய வகைச் செடிகளை வாங்க உங்களுக்குப் பணம் ஏது என்று ஹோல் வினவியபோது, மதுக்கடைப் பக்கம் போகாமல் சேர்த்த பணம் என விடை வந்ததாம்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. அத்தொழிலாளர்கள் பெற்ற பரிசு என்ன என்பதை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேசப்படுவது அந்தக் கம்பளிதான். பூவின் பின்னால் இருந்த உழைப்பு உண்மையானது. ஆகவே அந்தப் பூவுக்கு மதிப்பும் உண்மையானதாக இருந்தது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. ஹோல் தலைமையேற்ற சங்கம் பின்னாளில் 'ராயல்' என்னும் அரசச் சிறப்புப் பெயரையும் பெற்றது. எனினும் 2017-ஆம் ஆண்டில் நிதி நெருக்கடியால் மூடப்பட்டது. நாட்டிங்காமின் குன்றுச் சரிவிலிருக்கும் அத்தோட்டங்களோ, ஏறத்தாழ 75 ஏக்கர் பரப்பில் இன்றும் உள்ளன. மக்கள் அங்கே இன்றும் பயிரிடுகின்றனர். அமைப்பு மறைந்தாலும் கைப்பழக்கம் நிலைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கண்காட்சி விதிகள் கற்பிக்கும் பாடம்

அமெரிக்க ரோஜாச் சங்கம் 1892-இல் தோன்றியது. அதனோடு இணைந்த உள்ளூர்ச் சங்கங்கள் பல, ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துகின்றன. அங்குப் பின்பற்றப்படும் விதிகளைப் பார்ப்போம்.

முதலாவது, பூவைக் காட்சிக்கு வைப்பவரே அதனை வளர்த்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய பூவுக்கு அங்கு இடமில்லை. தம் தோட்டத்தில், திறந்த வெளியில், தாமே பேணி வளர்த்த செடியிலிருந்து வெட்டிய பூவாகவே அது இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, எதற்கு எத்தனை புள்ளி என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியும். மொத்தம் 100 புள்ளிகள். பூவின் வடிவத்திற்கு 25, நிறத்திற்கு 20, தண்டுக்கும் இலைக்கும் 20, இதழின் உறுதிக்கு 15, சமநிலைக்கும் அளவுப் பொருத்தத்திற்கும் 10, பருமனுக்கு 10. பூ எவ்வளவு பெரியது என்பதற்குப் பத்தே புள்ளிகள்தாம். தண்டுக்கும் இலைக்கும் அதைப்போல் இரு மடங்கு. பளிச்சென்று கண்ணைக் கவரும் பெரிய பூவைக் கொண்டுவந்து, நோயுற்ற இலையை மறைத்துவிட முடியாது.

மூன்றாவது, தீர்ப்பளிக்கும் வேளையில் பூ யாருடையது என்பது நடுவருக்குத் தெரியாது. பெயர் எழுதிய பகுதி மடித்து மூடப்பட்டிருக்கும். சங்கத் தலைவரின் பூவும் நேற்று வந்து சேர்ந்தவரின் பூவும் அங்கே ஒன்றுதான்.

நான்காவது, புதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. முப்பது ஆண்டு பழகிய கையோடு முதலாண்டுக் கையை மோதவிடும் வழக்கம் இல்லை.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தமானது. பூவைக் கண்காட்சிக்கு ஆயத்தப்படுத்தும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதற்குத் தெளிவான எல்லை இருக்கிறது. இலையின் மேலுள்ள தூசியை ஈரத்துணியால் துடைக்கலாம். இலை பளபளக்க வேண்டுமென்று எண்ணெயோ வேறு பூச்சோ தடவினால், அப்பூ போட்டியிலிருந்தே நீக்கப்படும். வகையின் பெயரைத் தவறாக எழுதி வைத்தாலும் அதே கதிதான்.

எண்ணிப் பாருங்கள். துடைத்தல் என்பது, செடி தானாகப் பெற்ற பொலிவை வெளிப்படுத்துவது. பூசுதல் என்பது, செடிக்கு இல்லாத பொலிவை இருப்பதாகக் காட்டுவது. பெற்றோர் பிள்ளைக்குச் செய்யும் உதவியையும் இந்த எல்லைக்கோட்டை வைத்தே அளக்கலாம் என்கிறேன். பிள்ளைக்குத் தெரியாத சொல்லை விளக்குவது, கத்தரிக்கோலைப் பாதுகாப்பாகப் பிடிக்கக் கற்பிப்பது, நேரம் ஒதுக்கித் தருவது, மேசையைத் துப்புரவாக்கிக் கொடுப்பது ஆகியவையெல்லாம் துடைத்தல். வாங்கிக் கொடுப்பது, வரைந்து கொடுப்பது, எழுதிக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்வது ஆகியவை பூசுதல்.

நம் பள்ளிகளில் நடப்பது என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொடக்கப்பள்ளியின் பூச்சாடிப் போட்டிக்கு நடுவர்களுள் ஒருவனாகச் சென்றிருந்தேன். எல்லா வகுப்புகளின் முன்னும் பூச்சாடிகள் அழகழகாக அடுக்கப்பட்டிருந்தன. பல சாடிகளில் நாற்றுப் பண்ணையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு மாணவியிடம், "இந்தச் செடிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவாய், அம்மா?" எனக் கேட்டேன். அவள் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். ஆசிரியை வேறு பக்கம் பார்த்தார். போட்டி முடிந்த இரண்டாம் மாதம் அப்பள்ளிக்கு வேறு அலுவலாகச் சென்றபோது, சாடிகள் கழிவறைக்குப் பின்புறம் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் மண் மட்டுமே இருந்தது.

அப்போட்டியில் அந்தப் பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை என்று சொல்லமாட்டேன். கற்றார்கள். பணம் கொடுத்தால் உழைப்பை வாங்கலாம், பெரியவர்கள் அதனைக் கண்டும் காணாததுபோல் இருப்பார்கள் என்பதைக் கற்றார்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத இப்பாடத்தை நாமே முன்னின்று நடத்தியிருக்கிறோம்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பெற்றோர் இருவரும் இரவு பகலாக மாறி மாறி வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளை, தானாகச் செய்த கோணலான ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்கிறது. அதன் அருகே, வசதி படைத்த வீட்டிலிருந்து வந்த பளபளப்பான பொருள் நிற்கிறது. பரிசு எதற்குப் போகிறது? கோணலாகச் செய்த பிள்ளை அன்று வீட்டிற்குச் சென்று தன் பெற்றோரிடம் என்ன சொல்லும்? போட்டியில் தோற்றது பிள்ளையின் திறமை அன்று. அதன் வீட்டு வருமானம். நாட்டிங்காம் தொழிலாளர்கள் இத்தகைய போட்டியில் கலந்துகொண்டிருந்தால், செல்வர் வீட்டுத் தோட்டக்காரர்களிடம் தோற்றுப் போயிருப்பார்கள். இதை அறிந்தே ரோஜாக் கண்காட்சிகளில், பொழுதுபோக்காக வளர்ப்போரையும் வணிகத்திற்காக வளர்ப்போரையும் வெவ்வேறு பிரிவுகளில் வைத்தனர்.

இப்போது இதன் எடை முன்னைவிடக் கூடியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு, தொடக்கப்பள்ளியில் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு பெருகியது. பிள்ளையின் திறனை 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளுள் ஒன்றில் ஆசிரியர் குறிக்க வேண்டும். அதற்கு ஆதாரமாக ஆசிரியர் முன்வைப்பது பிள்ளை செய்த படைப்பைத்தான். அப்படைப்பு பிள்ளையுடையதே இல்லையென்றால், நாம் குறிக்கும் அடைவுநிலை யாருடையது? பெற்றோருக்கு ஆறாம் நிலையை வழங்கிவிட்டு, பிள்ளையை ஒன்றுமறியாமல் இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பி வைக்கிறோம். அங்குச் சென்ற பிறகு அந்தப் பிள்ளை திணறும்போது, பழி தமிழ்ப்பள்ளியின்மீது விழுகிறது.

மறுப்புரைகளும் என் விடைகளும்

இவ்வாறு பேசினால் சிலர் சொல்லும் மறுப்புகளை நான் அறிவேன்.

"எல்லாரும் இப்படித்தானே செய்கிறார்கள்? என் பிள்ளை மட்டும் ஏன் தோற்க வேண்டும்?" என்கிறார் தந்தை. அவர் வாதம் ஞாயமானதே. விதி இல்லாத இடத்தில் நேர்மையாளன்தான் தோற்பான். ஆகவேதான் பெற்றோரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை என்கிறேன். விதியை வகுக்க வேண்டியது பள்ளி. ரோஜாச் சங்கங்களில் எல்லாரும் புனிதர்கள் என்பதால் எண்ணெய் பூசாமல் இருக்கவில்லை. பூசினால் நீக்கப்படுவோம் என்பது தெரிந்திருப்பதால் பூசாமல் இருக்கின்றனர்.

"பிள்ளைகள் செய்தால் அழகாக இராது, அதிகாரிகள் வருகை தரும்போது பள்ளியின் பெயர் என்னாவது?" என்கிறார் ஆசிரியர். கற்றலின் தடம் தெரியும் மேசையைக் கண்டு முகம் சுளிக்கும் அதிகாரி ஒருவர் இருப்பாரானால், அவரிடம் அப்பிள்ளையையே பேசவிடுவோம். தான் செய்ததைப் பற்றித் தடுமாறாமல் இரண்டு நிமிடம் பேசும் எட்டு வயதுப் பிள்ளையைவிடப் பள்ளிக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

"போட்டியே வேண்டாம், எல்லாருக்கும் பரிசு கொடுத்துவிடலாம்" என்போரும் உளர். அதனையும் நான் ஏற்பதற்கில்லை. போட்டி என்று ஒன்று இருந்ததால்தான் அத்தொழிலாளர்கள் கம்பளியோடு இரவில் எழுந்து நடந்தார்கள். போட்டி தீதன்று, பொய்யான போட்டிதான் தீது.

வென்றவரின் கடமை

ரோஜாச் சங்கங்களிடமிருந்து கற்க வேண்டியது இன்னும் ஒன்றுண்டு. கண்காட்சி ஓரிரு நாளில் முடிந்துவிடும். சங்கத்தின் பணியோ ஆண்டு முழுவதும் நடக்கும். கவாத்துச் செய்வது எப்படி, நோய்வாய்ப்பட்ட செடியை மீட்பது எப்படி என்று அனுபவம் மிக்கவர்கள் புதியவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தருகின்றனர். அமெரிக்க ரோஜாச் சங்கம் இதற்கென்றே ஆலோசகர்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. ஊதியமின்றிப் பிறருக்கு வழிகாட்டுவதே அவர்கள் பணி.

ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகர்ச் சங்கம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 1888-இல் ஜார்ஜியானா பிட்டாக் என்னும் அம்மையார், அண்டை அயலாரைத் தம் தோட்டத்துக் கூடாரத்திற்கு அழைத்து, அவரவர் ரோஜாக்களைக் காட்சிக்கு வைக்கச் செய்ததில் தொடங்கியது அது. முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் அரிய ரோஜா வகைகள் அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தபோது, அவற்றுக்கு அடைக்கலமாக ஒரு தோட்டம் வேண்டுமென 1915-இல் ஜெஸ்ஸி கரி என்னும் ரோஜா ஆர்வலர் வலியுறுத்தினார். 1917-இல் நகராட்சி இசைந்தது. இன்று அத்தோட்டத்தில் 10,000-க்கும் மேற்பட்ட ரோஜாச் செடிகள் உள்ளன. ஒரு வீட்டுக் கூடாரத்தில் வைத்த பூக்களில் தொடங்கிய ஆர்வம், ஒரு நகரத்தின் அடையாளமாகவே வளர்ந்துவிட்டது.

நம் பள்ளிகளில் பரிசு பெற்ற பிள்ளை, கோப்பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த ஆண்டு இளையோருக்கு அது கற்பிக்க வேண்டும் என்று நாம் கேட்பதே இல்லை.

செய்யத்தக்கவை

குறை சொல்லி நிறுத்துவது எளிது. ஆகவே, எந்தத் தமிழ்ப்பள்ளியும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்க ஒரு செடி வளர்ப்புக் கண்காட்சிக்கான திட்டத்தை முன்வைக்கிறேன்.

முதலில், செடியைத் தேர்ந்தெடுப்போம். ரோஜாவையே எடுக்க வேண்டுமென்பதில்லை. கேமரன் மலையின் குளிருக்கு ரோஜா செழிக்கும். தாழ்நிலத்தின் வெப்பத்திலும் அடிக்கடி பெய்யும் மழையிலும் கரும்புள்ளி நோய் அதனைப் பாடாய்ப்படுத்தும். இலைகள் மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால் அப்பூஞ்சை எளிதில் தொற்றிக்கொள்ளும். ரோஜாவை வைக்கத் துணிந்தால், நாள்தோறும் ஆறு மணி நேர வெயில் படும் இடத்தில் வைத்து, காலையில் வேரடியில் மட்டும் நீரூற்றி, உதிர்ந்த இலைகளை உடனுக்குடன் அகற்ற வேண்டும். மேல்நிலை மாணவர்களுக்கு அது நல்ல சவால். இளையோருக்குக் காசித்தும்பை போதும். விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பூத்துவிடும். நம் நாட்டின் தேசிய மலரான செம்பருத்தியைப் பதியன் குச்சியிலிருந்தும் வளர்க்கலாம்.

அடுத்து, விதிகள்.

1. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே வகை விதையையும் ஒரே அளவுச் சாடியையும் பள்ளியே வழங்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்குக் கைகொடுக்கலாம்.

2. சாடிகள் பள்ளி வளாகத்திலேயே இருக்க வேண்டும். நீரூற்றுவதும் களை எடுப்பதும் பிள்ளையின் வேலை. விடுமுறை நாள்களுக்கு முறைவைத்துக்கொள்ளலாம்.

3. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். முளைத்த நாள், உயரம், இலைகளின் எண்ணிக்கை, கண்ட பூச்சி, செய்த மருத்துவம் ஆகியவற்றைத் தன் சொந்தத் தமிழில் எழுத வேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. பிறர் எழுதிக் கொடுத்தது மட்டும் கூடாது.

4. புள்ளிப் பங்கீட்டை முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். செடியின் நலத்திற்கு 30, குறிப்பேட்டிற்கு 30, பிள்ளையின் வாய்மொழி விளக்கத்திற்கு 30, துப்புரவுக்கு 10 என வைக்கலாம்.

5. செடியையும் குறிப்பேட்டையும் மதிப்பிடும்போது பிள்ளையின் பெயர் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழி விளக்கம் அதற்குப் பிறகே நடைபெற வேண்டும்.

6. முதன்முறை கலந்துகொள்வோருக்குத் தனிப்பிரிவு வேண்டும்.

7. செடி பட்டுப்போன பிள்ளையும் தன் குறிப்பேட்டோடு கண்காட்சியில் நிற்கலாம். ஏன் பட்டுப்போனது என்பதை விளக்கினால் அதற்குரிய புள்ளிகளைப் பெறட்டும். செத்துப்போன செடியை மறைத்துப் புதிய செடியை வாங்கி வைக்கத் தூண்டுவது தோல்வியைப் பற்றிய அச்சமே. அவ்வச்சத்தை இவ்விதி நீக்கும்.

8. வென்ற பிள்ளைகள் அடுத்த ஆண்டு இளைய வகுப்புகளுக்குச் சென்று கற்றுக்கொடுக்க வேண்டும். அதனைச் செய்து முடித்த பிறகே நற்சான்றிதழ் முழுமை பெறும்.

இவற்றுள் பெரும்பாலானவை ரோஜா வளர்ப்போரிடமிருந்து நான் கடன் வாங்கியவை. இவ்விதிகளைச் சிறிது மாற்றினால் கைவினைக் கண்காட்சிக்கும் அறிவியல் விழாவுக்கும் கதை சொல்லும் போட்டிக்கும்கூடப் பொருத்தலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் மீது நீங்கள் வைத்திருக்கும் அன்பை நான் ஐயுறவில்லை. இரவு பத்து மணிக்கு அமர்ந்து பிள்ளைக்காக அட்டையை வெட்டி ஒட்டுவது அன்பினால்தான். ஆனால், அந்தக் கத்தரிக்கோலைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, கோணலாக வெட்டுவதைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருப்பதற்கு அதைவிடப் பெரிய அன்பு வேண்டும்.

ஆசிரியர்களே, வரும் ஆண்டின் கண்காட்சிக்கான சுற்றறிக்கையை எழுதும்போது "மாணவரே வளர்த்ததாக, மாணவரே செய்ததாக இருத்தல் வேண்டும், அல்லாதவை ஏற்கப்படமாட்டா" என்னும் ஒரு வரியை முதல் வரியாகச் சேருங்கள். சேர்த்துவிட்டு, அதன்படியே நில்லுங்கள். முதல் ஆண்டு மேசைகள் சற்று வெறுமையாகத்தான் இருக்கும். அடுத்த ஆண்டு அவற்றை நிரப்பப் போகிறவர்கள் நம் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.